தொண்டையில் ரத்தமும் வலியும்: வாசகர் கேள்விகளுக்கு ஈ.என்.டி. மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் ஒரே அச்சம் திரும்பத் திரும்பத் தென்பட்டது: எச்சிலில் ரத்தம் வந்தால் புற்றுநோயா? பெரும்பாலான நேரங்களில் இல்லை. ஆனால் ரத்தம் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படிச் சொல்லிவிட எந்த மருத்துவராலும் முடியாது. ஆகவே மருந்துகளைவிட, இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதியிருக்கிறேன்.

எனக்கு 34 வயது. புகைப்பழக்கம் இல்லை. பத்து நாட்களாகக் காலையில் துப்பும் முதல் எச்சிலில் ரத்தக் கோடுகள் தெரிகின்றன. தொண்டை லேசாக எரிகிறது, இருமல் இல்லை. பயமாக இருக்கிறது.

ரத்தம் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது ஈறுகளிலிருந்தோ மூக்கின் பின்பக்கத்திலிருந்தோ மெல்லக் கசியும் ரத்தம் தொண்டையில் தேங்கி, விடிந்ததும் முதல் எச்சிலோடு வெளிவருவதை அடிக்கடி பார்க்கிறோம். எழுந்தவுடன் மட்டும் ரத்தம் தென்பட்டு, பகல் முழுவதும் எச்சில் தெளிவாக இருந்தால் இந்த இரண்டு இடங்களையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

இரவு பல் துலக்கி, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் படுங்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன் முதல் எச்சிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துப்பி, சன்னலருகே வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு கழுவிய விரலால் ஈறுகளை ஓரம் ஓரமாக அழுத்தி, விரல் நுனியில் சிவப்பு ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். மூக்கை மெதுவாகச் சிந்தி, வெள்ளைத் துணியில் பழுப்பு நிறப் பொருக்கு வருகிறதா என்றும் பாருங்கள். எச்சிலில் கரைந்து இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈறு. மூக்குச் சளியோடு கரும்பழுப்புக் கட்டியாக வந்தால் பெரும்பாலும் மூக்கின் பின்பக்கம். கிண்ணத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். "கொஞ்சம் ரத்தம்" என்று ஒருவர் சொல்வது ஒரு புள்ளியாகவும் இருக்கலாம், ஒரு தேக்கரண்டியாகவும் இருக்கலாம். படம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஈறு என்றால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஈறு இல்லையென்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் நீடித்தாலும், ஈ.என்.டி. மருத்துவர் மூக்கில் மரப்பு மருந்து தெளித்து, பென்சிலைவிட மெல்லிய, வளையும் எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயைச் செலுத்தி, மூக்கின் பின்பக்கம் தொடங்கிக் குரல்நாண் வரை பார்த்துவிடுவார். சில நிமிட வேலை; மயக்க மருந்து தேவையில்லை. ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது: ரத்தத்தோடு காய்ச்சலும் தோலில் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால், வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டையும் தொடாதீர்கள்.

இருமும்போது சளியோடு ரத்தம் வருகிறது. தொண்டைப் புண்ணாக இருக்குமா?

கடுமையாக இருமும்போது தொண்டையின் நுண்ணிய ரத்தக் குழாய் வெடித்து ஒரு கோடு ரத்தம் வருவது உண்டு. என்றாலும் இருமலோடு வரும் ரத்தத்தை நுரையீரலிலிருந்து வருவதாகக் கருதித்தான் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். நம் நாட்டில் முதலில் விலக்க வேண்டியது காசநோய். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். ரத்தம் வாந்தியாக வந்தாலோ, காபித் தூள் போல இருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அது இரைப்பைப் பக்கத்துப் பிரச்சினை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வயது 52. இரண்டு மாதமாக வலப்பக்கத் தொண்டையில் மட்டும் வலி. விழுங்கும்போது வலது காதிலும் குத்துகிறது. காதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் மூன்று முறை சாப்பிட்டாகிவிட்டது. வெற்றிலை, புகையிலை பழக்கம் உண்டு.

இன்று வந்தவற்றில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்த கடிதம் உங்களுடையதுதான், ஐயா. காதில் ஒன்றுமில்லை என்பதால் நீங்கள் நிம்மதியடையக் கூடாது. மூளையிலிருந்து வரும் ஒன்பதாம், பத்தாம் நரம்புகள் தொண்டைக்கும் காதுக்கும் பொதுவானவை. அதனால் தொண்டையின் ஆழத்தில் உள்ள புண் காதில் வலிப்பது போலத் தோன்றும். காது சுத்தமாக இருந்து, காதுவலியும் ஒருபக்கத் தொண்டை வலியும் மூன்று வாரத்தைத் தாண்டினால், நாக்கின் அடிப்பகுதி, டான்சில், குரல்வளையின் பக்கத்துப் பள்ளம் ஆகிய இடங்களைப் பார்க்காமல் விடக்கூடாது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் டான்சில் தெரியும். மற்ற இரண்டும் தெரியாது. நான்காவது முறை ஆன்டிபயாடிக் வாங்காமல் இந்த வாரமே எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். கழுத்தில் வலியில்லாத கட்டி, குரல் மாற்றம், எடை குறைதல், வாயைத் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லா ஒருபக்க வலியும் புற்றுநோய் அல்ல. காதின் கீழிருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் கூரிய எலும்பு நீண்டு வளர்ந்திருந்தாலும், தலையைத் திருப்பும்போது இப்படி வலிக்கும். மின்சாரம் பாய்வது போல நொடிக்கணக்கில் வந்து போகும் நரம்புவலியும் உண்டு. ஆனால் உங்கள் வயதையும் பழக்கத்தையும் வைத்துப் பார்க்கும்போது, அவற்றையெல்லாம் பிறகுதான் யோசிக்க முடியும். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, தண்ணீர்கூட இறங்காத நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். ஆரம்ப நிலைக் குரல்நாண் புற்றுநோய், கதிர்வீச்சு மட்டுமே கொடுத்துக் குரலையும் காப்பாற்றக்கூடியது. புகையிலையை இன்றே விட்டுவிடுங்கள்.

மீன்முள் குத்தியது. சோற்று உருண்டை விழுங்கியும் போகவில்லை. எச்சிலில் ரத்தம் தெரிகிறது.

இனி எதையும் விழுங்க வேண்டாம். உருண்டை முள்ளை இன்னும் ஆழமாக அழுத்திவிடும். முள் பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ நிற்கும், எளிதில் எடுத்துவிடலாம். முள் போன பிறகும் கீறலின் உறுத்தல் ஓரிரு நாள் இருக்கக்கூடும். பல முட்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகையால் எக்ஸ்ரேயில் இல்லையென்றாலும் வலி தொடர்ந்தால் திரும்பவும் காட்டுங்கள். எச்சில்கூட விழுங்க முடியாமை, நெஞ்சுவலி, கழுத்து வீக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைதான்.

மலையடிவாரக் கிராமம். ஒன்பது வயது மகனுக்கு ஒரு வாரமாக வாயில் அடிக்கடி ரத்தம். வலி இல்லை. தொண்டையில் ஏதோ அசைவதாகச் சொல்கிறான்.

பையன் ஓடையிலோ குட்டையிலோ வாய் வைத்துத் தண்ணீர் குடித்தானா என்று கேளுங்கள். அட்டைக் குஞ்சு தண்ணீரோடு உள்ளே போய், மூக்கின் பின்பக்கமோ தொண்டையிலோ ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துப் பருத்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கசிவு நிற்காது; பெரும்பாலும் வலியும் இராது. இப்படி வந்த ஒரு சிறுவனின் அண்ணத்துக்குப் பின்னால், விளக்கொளி பட்டதும் கறுத்த முனை ஒன்று சுருங்கி உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். "அசைகிறது" என்று குழந்தை சொல்வதைக் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் பிடித்து இழுக்க முயலாதீர்கள். அறுந்து மூச்சுக்குழாய்க்குள் விழக்கூடும். மருத்துவமனையில் மரப்பு மருந்து தடவி, பிடி தளர்ந்ததும் இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். மூச்சுத் திணறினாலோ, மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ 108-ஐ அழையுங்கள். ரத்தச்சோகை வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை ஆனது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். தொண்டையில் ரத்தம் கசிவதால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது; வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இன்றே, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அண்மையில் சேர்த்த மாத்திரைகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு நாள் ஆகிறது. தொண்டை வெள்ளையாக இருக்கிறது. இன்று எச்சிலில் லேசாக ரத்தம்.

வெள்ளைப் படலம் ஆறுவதன் அடையாளம், சீழ் அல்ல. ஆனால் அந்தப் படலம் உரியும் ஐந்து முதல் பத்து நாட்களில் ரத்தப்போக்கு வரக்கூடும் என்பதால், எவ்வளவு குறைவாக இருந்தாலும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள். குழந்தைகள் ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவது போலத் தெரிந்தாலே எழுப்பி, வாயைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். போகும் வழியில் நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை முன்பக்கம் சாய்த்து, வருவதையெல்லாம் ஒரு பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். அந்தப் பாத்திரத்தைக் கொட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.