ரோமில் பூ வாங்குகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்பானியப் படிக்கட்டு அருகே ஒருவர் என் மனைவியின் கையில் ரோஜாவைத் திணித்து, "பரிசு, பரிசு" என்றார். நாலு அடி நடந்ததும் என்னிடம் வந்து 10 யூரோ கேட்டார். கூட்டத்தில் சங்கடமாக இருந்ததால் கொடுத்துவிட்டேன். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கேட்காத பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் காசு கேட்டால், வாங்கியவர் பணம் தரக் கடமைப்பட்டவர் அல்ல என்றுதான் இத்தாலியின் நுகர்வோர் சட்டத் தொகுப்பு (2005-ன் 206ஆம் எண் ஆணை) சொல்கிறது. ஆனால் தெருவில் நின்று சட்டம் பேசிப் பயனில்லை. முதலிலேயே தவிர்ப்பதுதான் எளிது.

இந்த வியாபாரம் ஒரே மாதிரிதான் நடக்கும். திரேவி நீரூற்று, ஸ்பானியப் படிக்கட்டு, நவோனா சதுக்கம் ஆகிய இடங்களில் ஜோடியாக நடப்பவர்களில் பெண்ணிடம் பூவை நீட்டுவார்கள். கை தானாக நீளும். பூ கைமாறியதும் கணவரிடம் வருவார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். "சரி, ஏதாவது கொடுங்கள்" என்று பேச்சு தொடரும்.

எனவே பூ நீட்டப்படும்போது கையை வெளியே எடுக்காதீர்கள். நிற்காமல், முகத்தைப் பார்த்து ஒரு முறை "நோ, கிராட்சியே" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடங்கள். பூ ஏற்கெனவே கையில் வந்துவிட்டால் ஒரு முறை நீட்டுங்கள். வாங்காவிட்டால் அவருடைய கூடையிலோ பூக்கட்டின் மேலோ வைத்துவிட்டு நகருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்த இடத்தில் பர்ஸைத் திறக்காதீர்கள். அதிலுள்ள நோட்டைப் பார்த்த பிறகு 2 யூரோவில் முடியவேண்டியது 10 ஆகும். பேச்சுக் கொடுக்கும் நேரத்தில் பையைக் கவனிக்க வேறு ஆள் இருப்பதும் உண்டு. வழிமறித்தால் 112-ஐ அழைப்பதாகச் சொல்லுங்கள். காவல், மருத்துவம், தீயணைப்பு மூன்றுக்கும் அங்கே அதுதான் எண்.

இரவில் உணவகத்தில் மேசை மேசையாக ரோஜா விற்க வருபவர்கள் வேறு. அவர்கள் தலையசைப்பைப் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அந்தப் பூ பிடித்திருந்தால் வாங்குவதில் தவறே இல்லை, அவர்களுக்கும் அது பிழைப்பு. "குவான்தோ கோஸ்தா?" (என்ன விலை?) என்று கேட்டுவிட்டு, சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பூவைத் தொடுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் சுற்றிய ரோஜா அது. வாடிய வெளி இதழ்களை உரித்து மொட்டுபோல் ஆக்கியிருப்பார்கள். மறுநாள் காலை வரை நின்றால் அதிகம்.

அந்தப் பூவோடு படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2019 முதல் ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரத் தடை, அபராதமும் உண்டு.

கேள்வி: ரோமில் உடன் வேலை செய்பவர் வீட்டில் இரவு விருந்து. பூ எடுத்துப் போகலாமா? எந்தப் பூ, எத்தனை?

பதில்: எடுத்துப் போங்கள், மிகவும் மதிப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: சாமந்தி வேண்டாம். நமக்கு அது மங்களப் பூ, பூஜைக்கும் மாலைக்கும் முதலில் நிற்பது. இத்தாலியில் அது இறந்தவர்களுக்கான பூ. நவம்பர் 1, 2 தேதிகளில் கல்லறைகள் முழுக்கச் சாமந்திதான். அதனாலேயே அக்டோபர் கடைசியில் எல்லாப் பூக்கடை வாசலிலும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தொட்டி தொட்டியாக, மலிவாக நிற்கும். அழகாக இருக்கிறதே என்று ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கலவைக் கட்டுகளில் பொத்தான் அளவுச் சிறு சாமந்தி ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். "சென்ஸா கிரிசான்தெமி" (சாமந்தி இல்லாமல்) என்று சொன்னால் கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்: 5, 7, 9. நாம் மொய்யில் 100-க்கு மேல் ஒரு ரூபாய் வைப்பதுபோல அங்கே இது ஊறிப்போன வழக்கம். ஒரு டஜன் ரோஜா மட்டும் விலக்காக ஏற்கப்படும். காம்புகளைத்தான் எண்ண வேண்டும், இடையில் செருகும் பச்சை இலைகள் கணக்கில் வராது.

சிவப்பு ரோஜா காதலுக்கு உரியது. விருந்து கொடுப்பவரின் மனைவிக்கு அதை நீட்டினால் மேசையில் ஒரு கணம் அமைதி விழும். மஞ்சள் ரோஜாவைப் பொறாமையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு, அதுவும் வேண்டாம். முழுக்க வெள்ளை லில்லியோ காலா லில்லியோ இறுதிச் சடங்கு வாசனை தரும். இளஞ்சிவப்பு, பீச், ஆரஞ்சு, கலவை நிறங்கள் பாதுகாப்பானவை.

பருவம் பார்த்து வாங்கினால் பணம் பாதியும் அழகு இரட்டிப்புமாகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சன்ரேமோ பக்கத்து லிகுரியக் கடற்கரையிலிருந்து ரனன்குலஸும் அனிமோனியும் வரும். என் தேர்வு எப்போதும் ரனன்குலஸ்தான்: அடுக்கடுக்கான மெல்லிய இதழ், ரோஜாவைவிட மலிவு, ஒரு வாரம் நிற்கும். மே மாதம் பியோனி, ஜூன், ஜூலையில் சூரியகாந்தி, செப்டம்பரில் டாலியா. டிசம்பரில் பாயின்செட்டியாத் தொட்டி போதும். ரோஜா ஆண்டு முழுக்கக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இறக்குமதி.

எடுத்துப் போகும் நேரமும் முக்கியம். விருந்து கொடுப்பவர் அடுப்படியில் நிற்கும்போது நீளக் காம்புகளோடு நீங்கள் போனால், அவர் பூச்சாடி தேடி ஓட வேண்டும். அன்று காலையே கடை மூலம் அனுப்பிவிடுவது மிக நல்லது. கையில் கொண்டுபோனால், அடியில் தண்ணீர் நிரப்பிய பையோடு கட்டித் தரச் சொல்லுங்கள். அதை அப்படியே மேசையில் நிற்க வைக்கலாம். சுற்றிய காகிதத்தைப் பிரிக்காமலே கொடுங்கள், விலைச் சீட்டு இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் எப்படிக் கேட்பது? மொழி தெரியாது, ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம்.

பதில்: பயம் வேண்டாம், தொகையை முதலில் சொல்லுங்கள். "உன் மாட்ஸோ தா வென்தி எவுரோ, பெர் ஊன சேனா" என்றால் "இரவு விருந்துக்கு, 20 யூரோவுக்கு ஒரு கட்டு" என்று பொருள். சந்தர்ப்பமும் தொகையும் தெரிந்துவிட்டால் மீதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். இரண்டையும் சொல்லாமல் "இது, அது" என்று விரல் காட்டிக்கொண்டே போனால்தான் கடைசியில் கணக்கு கையைக் கடிக்கும். காரணம், வாளியில் செருகியிருக்கும் விலைப் பலகை பெரும்பாலும் ஒரு காம்புக்கான விலை, கட்டுக்கு அல்ல. 4 யூரோ என்று எழுதியிருப்பதைக் கட்டு விலை என்று நினைத்து 9 காம்பு எடுத்தால் 36 யூரோ. பலகையில் "மாட்ஸோ" என்றிருந்தால் கட்டு, "ஸ்தேலோ" என்றிருந்தால் காம்பு. இலை, காகிதம், ரிப்பன் எல்லாம் விலையில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.

பூவை நீங்களே வாளியிலிருந்து உருவாதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு. காட்டினால் எடுத்துத் தருவார்கள். ரோஜாவில் புல்லி இதழ் பச்சையாகப் பூவை ஒட்டி நிற்க வேண்டும், கழுத்து வளையக் கூடாது. பியோனி மொட்டு லேசாக இளகியிருக்க வேண்டும். கல்போல் இருப்பது வீட்டில் மலராமலே வாடும். லில்லியில் ஒன்று மலர்ந்து, மற்றவை நிறம் காட்டும் மொட்டாக இருந்தால் சரி. வாளித் தண்ணீர் கலங்கி நாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

காம்போ தெ ஃபியோரி சதுக்கத்துச் சந்தை திங்கள் முதல் சனி வரை காலையில் நடக்கும், மதியத்துக்குப் பிறகு கலைந்துவிடும். பார்க்க அழகு, ஆனால் சுற்றுலாப் பயணிகள் இடம் என்பதால் விலை கொஞ்சம் தூக்கல். குடியிருப்புப் பகுதிகளில் சாலையோரம் நிற்கும் பூ மாடங்களே (சிறு கூண்டுக் கடைகள்) எனக்குப் பிடித்தவை. பல மாடங்கள் இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும். கடைகளோ மதியம் 1 மணிக்கு மேல் மூடி, 4 மணி வாக்கில்தான் மீண்டும் திறக்கும்.

கார்டு வாங்கமாட்டேன் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. 2022 ஜூன் 30 முதல், மறுத்தால் 30 யூரோவோடு தொகையில் 4 சதவீதமும் அபராதம். ரசீதுக்கு "லோ ஸ்கொன்த்ரீனோ, பெர் ஃபவோரே" என்று கேளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து ரோமில் இருக்கும் தோழிக்கு மல்லிகைச் சரம் கொண்டுபோகலாமா? அங்கிருந்து பூ எடுத்து வரலாமா?

பதில்: கொண்டுபோகக் கூடாது, எடுத்து வருவதையும் தவிர்ப்பதே நல்லது. 2019 டிசம்பர் 14 முதல், பயணி கையில் கொண்டுவரும் செடி, பூ, பழம், காய் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. மல்லிகை அந்தப் பட்டியலில் இல்லை. தேங்காய் போகும், பூ போகாது. இந்தியாவுக்குள் செடி, விதை, கிழங்கு கொண்டுவருவதற்கும் 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையில் கட்டுப்பாடு உண்டு. அங்கே வாங்கிய பூவை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மகளின் பட்டமளிப்பு சபியென்ஸா பல்கலைக்கழகத்தில். என்ன பூ?

பதில்: இங்கே சிவப்பு சரி, அதுதான் வழக்கமும். பட்டம் பெற்றவர் தலையில் லாரல் இலை வளையம் வைப்பார்கள். அதன் ரிப்பன் பலருக்குத் துறை நிறத்தில் இருக்கும்: மருத்துவத்துக்குச் சிவப்பு, சட்டத்துக்கு நீலம், பொறியியலுக்குக் கறுப்பு. வளையத்தையும் பூக்கடையிலேயே செய்து தருவார்கள், இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள். ஒரே நாளில் பல மாணவர்கள் பட்டம் பெறுவதால் காலையில் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: மார்ச் 8 அன்று ரோமில் எல்லாப் பெண்கள் கையிலும் மஞ்சள் பூ. ஆணாகிய நான் உடன் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்தால் தவறாகுமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். அது மிமோசா. 1946-ல் இத்தாலியப் பெண்கள் ஒன்றியம் மகளிர் தினத்துக்கான பூவாக அதைத் தேர்ந்தெடுத்தது. மார்ச் தொடக்கத்தில் பூப்பது, யாரும் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பது. காதல் அர்த்தம் எதுவும் இல்லை. அலுவலகத் தோழி, வீட்டுக்காரம்மா, ஆசிரியை என்று யாருக்கும் ஒரு சிறு கிளை கொடுக்கலாம். அதன் பஞ்சு உருண்டைகள் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், ஆகவே முந்தின நாள் வாங்கி வைக்காதீர்கள். கண்ணாடித் தாளைக் கொடுக்கும்வரை பிரிக்காதீர்கள், உள்ளிருக்கும் ஈரம்தான் பூவைக் காக்கிறது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: ஹோட்டல் அறையில் பூச்சாடி இல்லை. பூவை எப்படி வைத்திருப்பது?

பதில்: வரவேற்பில் "வாஸோ" கேளுங்கள். இல்லையென்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். காம்பின் அடியில் 2 செ.மீ. சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலை அழுகினால் பாக்டீரியா பெருகிக் காம்பின் வாய் அடைபடும், ரோஜா தலை கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான். ரனன்குலஸ், டியூலிப் இரண்டுக்கும் ஐந்தாறு செ.மீ. தண்ணீர் போதும். ஹைட்ரேஞ்சியாவுக்கு முக்கால் பாட்டில் வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஏசி காற்று படும் இடமும், ஆப்பிளோ வாழைப்பழமோ உள்ள மேசையும் வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் பூவை வேகமாக முதிர்த்துவிடும்.

கேள்வி: இங்கிருந்தே பணம் கட்டி ரோமில் ஒருவர் வீட்டுக்குப் பூ அனுப்பினேன். "ஆள் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். அவர் வீட்டில்தான் இருந்தார்!

பதில்: முகவரியில்தான் பிசகு நடந்திருக்கும். ரோமின் அடுக்குமாடி வாசலில் அழைப்பு மணிப் பலகை (சித்தோஃபோனோ) இருக்கும், அதில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். வாடகைக்கு இருப்பவர் என்றால் பலகையில் வீட்டு உரிமையாளரின் பெயர் இருக்கும். பூ கொண்டுவருபவர் உங்கள் நண்பரின் பெயரைத் தேடிவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை மணியில் என்ன பெயர் இருக்கிறது, எந்தப் படிக்கட்டு ("ஸ்காலா"), எந்த வீட்டு எண் ("இன்தெர்னோ") என்று நண்பரிடம் கேட்டு மூன்றையும் எழுதுங்கள். அவருடைய இத்தாலியக் கைபேசி எண்ணையும் சேருங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் பாதிக் கடைகள் விடுமுறையில் இருக்கும், அப்போது அனுப்புவதானால் கடை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.