வாசிப்புக் குறிப்பேட்டில் கதைச்சுருக்கம் மட்டுமே வருகிறதா?

கேள்வி: நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 8 இற்குத் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசிப்புக் குறிப்பேடு வைத்து, வாரம் ஒரு நூலை வாசித்து, நூலின் பெயர், ஆசிரியர், கதைச்சுருக்கம், பெற்ற நீதி ஆகியவற்றை எழுதச் சொல்லியிருந்தேன். முதலாம் தவணை முடிவதற்குள்ளேயே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சிலர் பின்னட்டையில் உள்ளதை அப்படியே இறக்கி வைக்கிறார்கள். அத்தனை கொப்பிகளையும் திருத்த எனக்கும் நேரமில்லை. இந்த முயற்சியை விட்டுவிடுவதா, புள்ளி கொடுத்து இறுக்குவதா? (ஆசிரியை, திருகோணமலை)

பதில்: இரண்டும் வேண்டாம். பார்த்தெழுதக்கூடிய ஒன்றை நாம் கேட்டிருக்கிறோம், அதனால் அவர்கள் பார்த்தெழுதுகிறார்கள். ஒரு கதையின் சுருக்கம் 38 பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க முடியும். நீதியின் நிலை இன்னும் மோசம்: ‘ஒற்றுமையே பலம்’, ‘பொய் சொல்லக் கூடாது’ என்ற நான்கைந்து வாசகங்களைத் தெரிந்து வைத்திருந்தால் நூலகத்தின் சிறுவர் பகுதியில் உள்ள பாதிப் புத்தகங்களை வாசிக்காமலே குறிப்பேட்டை நிரப்பிவிடலாம். நீங்கள் கொடுத்த நான்கு தலைப்புகளும் புத்தகம் வாசிக்கப்பட்டதற்குச் சான்று கேட்கின்றனவே தவிர, வாசித்தபோது அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றியது என்பதைக் கேட்கவில்லை.

அமெரிக்கக் கல்வியியலாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 ஆம் ஆண்டிலேயே வற்புறுத்திய கருத்து இங்கே உதவும். எழுத்தின் பொருள் தாளில் முழுமையாகக் காத்திருப்பதில்லை, வாசிப்பவர் தம் அனுபவத்தோடு அதை எதிர்கொள்ளும்போதுதான் உருவாகிறது என்றார் அவர். தகவலை எடுத்துச் செல்வதற்காக வாசிப்பதையும், வாசிக்கும் பொழுதை உள்ளே வாழ்ந்து பார்ப்பதையும் அவர் பின்னாளில் பிரித்துக் காட்டினார். மருந்துப் போத்தலின் சீட்டை முதல் வகையிலும் கவிதையை இரண்டாம் வகையிலும் வாசிக்கிறோம். கதையைக் கொடுத்துவிட்டுச் சுருக்கம் கேட்டால், கதையை மருந்துச் சீட்டுப்போல வாசிக்கும்படி பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கொப்பியின் அமைப்பு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில், வாசித்துக்கொண்டு போகையில் தன்னை நிறுத்திய ஒரு வரியைப் பிள்ளை பக்க எண்ணோடு எடுத்தெழுதட்டும். வலப்பக்கத்தில் அந்த வரி ஏன் நிறுத்தியது என்பதை எழுதட்டும். விளங்காத வரியானாலும், பிடிக்காத வரியானாலும், ‘இது பொய்’ என்று பட்ட வரியானாலும் சரிதான். முழுப் புத்தகத்தையும் முடித்த பிறகு எழுதுவதைவிட நடுவிலேயே எழுதுவது பயனுள்ளது. முடிவு தெரிந்துவிட்டால் ஊகிப்பதற்கு எதுவும் மிஞ்சாது, சுருக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை விளக்கிச் சொல்வதைவிடக் கரும்பலகையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டுவது நல்லது. புறநானூற்றின் 112 ஆம் பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. பறம்பு மலைத் தலைவன் பாரி மூவேந்தரால் கொல்லப்பட்ட பின் அவன் மகளிர் பாடியது. அன்றைய மாதத்து நிலவொளியில் தந்தையும் குன்றும் தமக்கு இருந்ததையும், இந்த மாதத்து நிலவொளியில் இரண்டும் இல்லாததையும் அவர்கள் சொல்கிறார்கள். அதிலிருந்து ‘வென்றெறி முரசின் வேந்தர்எம் குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே’ என்பதை இடப்பக்கத்தில் எழுதி, உங்கள் மனத்தில் உண்மையாக எழும் கேள்வியை வலப்பக்கத்தில் எழுதுங்கள். பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள். ‘இரண்டு மாதத்திலயும் நிலாவ ஏன் சொல்லுறாங்க?’ என்று ஒருவர் எழுதலாம். ‘வென்றவங்களுக்கு முரசு இருக்கு, இவங்களுக்கு ஒண்டும் இல்ல’ என்று இன்னொருவர் எழுதலாம். ‘எங்கட அம்மம்மா சம்பூர் வீட்டப் பத்தி இப்பிடித்தான் கதைப்பா’ என்று மூன்றாமவர் எழுதினால், அந்த ஒரு வரியில் அவர் பாட்டை உரையாசிரியரின் துணையின்றியே பிடித்துவிட்டார் என்று பொருள். 2006 இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கின் பிற ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மாவட்டத்தின் பல வகுப்பறைகளில் இருக்கிறார்கள். குன்றை இழந்தவர்களின் பாட்டு அவர்களுக்குத் தொலைவானதல்ல.

மேலே உள்ள வரிகளைப் பேச்சுத் தமிழில் எழுதிக் காட்டியது வேண்டுமென்றேதான். குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் பிள்ளைகள் தாம் கதைக்கும் தமிழில் எழுதலாம் என்று அனுமதியுங்கள். இதைத் தமிழாசிரியர்கள் பலர் ஏற்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்; எழுத்துத் தமிழைக் கட்டுரைப் பாடத்தில் கண்டிப்பாகவே கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எண்ணம் முளைக்கும் இடத்திலேயே அதற்கு இலக்கண உடை உடுத்தச் சொன்னால், பிள்ளை தனக்குத் தெரிந்த பாதுகாப்பான வாக்கியத்துக்கு, அதாவது ‘இக்கதை மூலம் நான் பெற்ற படிப்பினை யாதெனில்’ என்பதற்குத் திரும்பிவிடும். எழுத இன்னும் தடுமாறும் பிள்ளைகள் படம் வரைந்து ஒரு சொல் எழுதினால் போதும், அல்லது பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.

திருத்தும் வேலையைப் பொறுத்தவரை, உங்களைக் களைப்படையச் செய்வது சிவப்புப் பேனாதான். எழுத்துப் பிழைகளை இந்தக் கொப்பியில் தொடாதீர்கள். லகர, ளகர, ழகர மயக்கம் போன்று பலருக்கும் பொதுவாக உள்ளவற்றைத் தனியாகக் குறித்து வைத்து, மொழிப்பாட வேளையில் முழு வகுப்புக்கும் கற்பியுங்கள். குறிப்பேட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டியது பதில் எழுதுவது. நாளொன்றுக்கு 8 கொப்பி என்று முறை வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் 38 பிள்ளைகளும் அடங்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். அந்த வரி ‘நன்று’, ‘மிக நன்று’ என்பதாக இருக்கக் கூடாது, ஏனெனில் அதற்குப் பிள்ளையால் மறுமொழி எழுத முடியாது. ‘கதை நல்லம்’ என்று மட்டும் எழுதியவருக்கு ‘எந்த இடத்தில் உமக்கு அப்படித் தோன்றியது?’ என்று கேளுங்கள். பாத்திரத்தோடு கோபித்துக்கொண்டவருக்கு ‘அவளுக்கு வேறு வழி இருந்ததா?’ என்று கேளுங்கள். அடுத்த வாரக் குறிப்பை அவர் உங்கள் கேள்விக்கான பதிலோடு தொடங்குவார். அதைப் பக்கத்துக் கொப்பியிலிருந்து எடுக்க முடியாது. வீட்டில் எழுதச் சொல்வதையும் நிறுத்திவிடுங்கள். ரியூசன் முடிந்து இரவு வீடு திரும்பும் பிள்ளைக்கு அது இன்னொரு வீட்டுவேலைதான். வாரத்தில் இரண்டு பாடவேளைகளின் கடைசிப் பத்து நிமிடங்களை இதற்கென்று ஒதுக்கி, பிள்ளைகள் எழுதும்போது நீங்களும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள்.

புள்ளி பற்றிய என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிறீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே விரும்பிப் படம் வரைந்துவந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே வாக்களித்தார்கள். பின்னர் எந்தப் பரிசும் பேசப்படாத நேரத்தில், அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே படம் வரைந்தார்கள். ஏற்கனவே ஆர்வமில்லாத பிள்ளைகளுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் வாசிப்பில் பிரியமுள்ள நாலைந்து பேரின் பிரியத்தைப் புள்ளி கெடுத்துவிடக்கூடும். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது ‘அதிக நூல் வாசித்தவர்’ என்று பரிசு கொடுக்கும் வழக்கமும் எனக்கு உவப்பானதல்ல, அது மெல்லிய புத்தகங்களைத் தேடவே பழக்குகிறது. அதிபரோ வலயக் கல்விப் பணிமனை அதிகாரிகளோ கணிப்பீட்டுக்குச் சான்று கேட்டால், தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குறிப்புகளில் சிறந்தவை என்று கருதும் மூன்றைத் தானே தெரிந்து, ஒன்றை மட்டும் திருத்தமான எழுத்துத் தமிழில் ஒரு பந்தியாக விரித்து எழுதட்டும். அந்தப் பந்திக்குப் புள்ளியிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொப்பி உயிர் பெற்றால், பிள்ளைகள் வீட்டுத் துயரங்களையும் எழுதத் தொடங்குவார்கள். ஆகவே முதல் நாளிலேயே இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மடித்து வைத்த பக்கத்தை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள், வாசித்த பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அதை உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டீர்கள். அவ்வாறான குறிப்பு வந்தால் கொப்பியில் பதில் எழுதுவதோடு நிற்காமல், பிள்ளையைத் தனியே அழைத்துக் கதைத்து, அதிபருக்கும் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி இலக்கம் 1929. எந்தக் குறிப்பையும் எழுதியவரின் சம்மதமின்றி வகுப்பில் உரத்து வாசிக்காதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட.

வாரம் ஒரு நூல் என்ற விதியையும் தளர்த்திவிடலாம். வகுப்பிலுள்ள புத்தகங்கள் போதாதென்றால், நான்கு பேருக்கு ஒரு புத்தகம் என்று சுற்றவிட்டு, பின்னால் வாசிப்பவர் முன்னால் வாசித்தவரின் குறிப்புக்குக் கீழே, அவர் சம்மதித்தால், தன் கருத்தை எழுதலாம். பாடநூலில் உள்ள கதையும் ஞாயிறு பத்திரிகையின் சிறுவர் பக்கமும்கூடப் போதுமானவை. இதுவரை எழுதிய கொப்பிகளைத் திருத்தி முடிக்க வேண்டியதில்லை; அதே கொப்பியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, அடுத்த பக்கத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.