வாசகர் கேள்வி பதில்: கோயிலும் வாக்குச்சாவடியும்

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் வந்தாலே 'இவாஞ்சலிக்கல் ஓட்டு', 'கத்தோலிக்க ஓட்டு' என்று பிரித்துப் பேசுகிறார்கள். இருவரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே, ஓட்டு மட்டும் ஏன் பிரிகிறது?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இவாஞ்சலிக்கல் என்பவர்கள் வேதத்தையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டண்டுகள். கணக்கு எடுக்கும் விதத்தை முதலில் பாருங்கள். ஓட்டுப் போட்டவர்களிடம், 'நீங்கள் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவரா, இவாஞ்சலிக்கலா?' என்று கேட்கிறார்கள். ஆம் என்றவர்களில் வெள்ளையரைத் தனியே எடுத்தால், 2016 முதல் மூன்று தேர்தல்களிலும் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சியின் டிரம்ப் பக்கம். ஆனால் அதே வேதத்தை அதே வைராக்கியத்தோடு வாசிக்கும் கறுப்பின புராட்டஸ்டண்டுகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். விசுவாசம் மட்டும் ஓட்டைத் தீர்மானித்தால் இப்படி நடக்காது. இனம், வட்டாரம், 1970களின் கடைசியிலிருந்து பாஸ்டர்களுக்கும் குடியரசுக் கட்சிக்கும் வளர்ந்த உறவு, எல்லாம் ஒரே பக்கம் இழுத்தால்தான் சபை மொத்தமாகச் சாயும்.

கத்தோலிக்கரிடம் அந்த இழுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. 1960இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் கத்தோலிக்கருமான கென்னடிக்கு நான்கில் மூன்று பேர் போட்டார்கள். அந்தத் திரட்சி பிறகு கலைந்துவிட்டது. ஆயர்கள் கருக்கலைப்பை எதிர்க்கிறார்கள், குடியேறிகளுக்காகவும் பேசுகிறார்கள். முதலாவது குடியரசுக் கட்சிக்கு ஒத்துவரும், இரண்டாவது ஜனநாயகக் கட்சிக்கு. பிரேசிலிலும் 2022 அதிபர் தேர்தலில் இவாஞ்சலிக்கல் சபைக்காரர்கள் பெரும்பாலும் வலதுசாரி போல்சொனாரோவுக்கும், கத்தோலிக்கர் பெரும்பாலும் இடதுசாரி லூலாவுக்கும் போட்டார்கள்.

கேள்வி: நம் கடற்கரையில் ஆர்.சி.க்காரர்களும் சபைக்காரர்களும் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, பாம்பன்

பதில்: ஊரளவில் ஓரளவு முடியும், ஆள் அளவில் முடியாது. தேர்தல் ஆணையத்தின் படிவம் 20இல் வாக்குச்சாவடி வாரியாக வேட்பாளர்கள் பெற்ற ஓட்டு இருக்கும். தபால் ஓட்டு தனியாக வரும். வாக்காளர் பட்டியலில் மதம் கிடையாது. பெயரை வைத்துப் பிரித்தால் அந்தோணியும் ஜெபமணியும் எந்தச் சபை என்று ஊகம்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு இடறல், கத்தோலிக்கர் நிறைந்த பூத் என்பது மீனவர் நிறைந்த பூத்தாகவும் இருக்கும். படகுப் பறிமுதலும் டீசல் மானியமும் எத்தனை ஓட்டை மாற்றின, மதம் எத்தனையை மாற்றியது என்று பிரிக்கவே முடியாது. ஓரியூர்ப் பக்கத்து விவசாயக் கத்தோலிக்க ஊர்களின் பூத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு இடமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் மதத்துக்குப் பங்கு உண்டா என்று யோசிக்கலாம். வாக்குப்பதிவு நாளையும் கவனியுங்கள். 2021இல் ஏப்ரல் 6, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கவில்லை. 2024இல் ஏப்ரல் 19, விசைப்படகுகள் கரையில் நின்றன. பதிவு சதவீதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது.

கூட்டணியையும் மறக்காதீர்கள். ராமநாதபுரத்தில் 2019, 2024 இரண்டு முறையும் தி.மு.க. கூட்டணியில் ஏணிச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் லீக் வேட்பாளர் வென்றார். முஸ்லிம் ஓட்டை மட்டும் நம்பி இந்தத் தொகுதியில் ஜெயிக்க முடியாது.

கேள்வி: பூசையிலோ ஆராதனையிலோ 'இன்னாருக்குப் போடுங்கள்' என்று சொல்லலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: கூடாது. மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தல் தடுப்புச் சட்டம், 1988, வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வேட்பாளரின் சம்மதத்தோடு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவில் அவர் வெற்றியே ரத்தாகலாம். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 'தவறாமல் ஓட்டுப் போடுங்கள், காசு வாங்காதீர்கள்' என்று பங்குச் சாமியோ பாஸ்டரோ சொல்லத் தடையில்லை.