‘தி ஹெவி வாட்டர் வார்’ கடைசி எபிசோட்: குண்டு ஏன் கப்பலின் முன்பக்கம்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குப் போன கனநீரை (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் உள்ள நீர்) நார்வே எதிர்ப்புப் படையினர் தடுத்த கதைதான் இந்தத் தொடர். கடைசி எபிசோடில் கனநீர்ப் பீப்பாய்களை ரயில் பெட்டிகளோடு ஏற்றிச் சென்ற ஃபெர்ரியை மூழ்கடிக்கிறார்கள். எஞ்சின் அறையை விட்டுவிட்டு முன்முனையில் குண்டு வைத்தது இயக்குநரின் கற்பனை இல்லை. முன்பக்கம் தண்ணீர் ஏறினால் பின்பக்கம் தூக்கும். ப்ரொப்பெல்லரும் சுக்கானும் வெளியே வந்துவிடும். கேப்டனால் ஃபெர்ரியைக் கரைக்கு ஓட்டிப்போய் ஏற்ற முடியாது. மேல்தளத்து ரயில் பெட்டிகளும் முன்னோக்கி உருண்டு விழும்.

நேரமும் கணக்குதான். சுமார் 8.5 கிலோ பிளாஸ்டிக் வெடிமருந்து, மணி கழற்றிய இரண்டு அலாரம் கடிகாரங்கள், 1944 பிப்ரவரி 20 காலை 10.45. அப்போது ஃபெர்ரி நார்வேயின் டின் ஏரியில் 400 மீட்டருக்கும் மேல் ஆழமான இடத்தில் இருக்கும். ஆழம் குறைந்த இடமென்றால் ஜெர்மானியர் சரக்கை மீட்டிருப்பார்கள்.

“கனநீர் சாதாரண நீரைவிடக் கனம், அப்புறம் ஃபெர்ரி மூழ்கிய பின் பீப்பாய்கள் எப்படி மிதந்தன?” என்ற உங்கள் சந்தேகம்: கனநீர் சுமார் 11% தான் அடர்த்தி அதிகம். மிதந்தவை பாதி மட்டுமே நிரம்பியவை, செறிவும் குறைந்தவை. காற்றுதான் காரணம். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டு, பீப்பாய் எவ்வளவு உயரம் தண்ணீருக்கு மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: தொடர் முழுவதையும் ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நார்வே விஞ்ஞானி லைஃப் ட்ரான்ஸ்டாட் நிஜ மனிதர். தொடரில் வரும் பிரிட்டிஷ் அதிகாரி ஜூலி ஸ்மித் கற்பனைப் பாத்திரம்.