நிலம் கடைசியில்: இடம் மாற நினைப்போருக்கு, வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மதிப்பெண் ஓட்டத்தில் பிள்ளைகளை விட மனமில்லை. தமிழில் படிக்க வேண்டும், நஞ்சில்லாமல் சாப்பிட வேண்டும், கொஞ்சம் நிலம் வேண்டும். கணவருக்கு வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை. கையிருப்பு 25 லட்சம். திருவண்ணாமலை, சிட்டிலிங்கி, ஆரோவில் சுற்றுப்புறம் மூன்றையும் யோசிக்கிறோம். தரகர் ஒருவர் 1 ஏக்கர் காட்டி, முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். நிலத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாடகைக்குப் போய், குறைந்தது ஓராண்டு இருங்கள். அந்த ஓராண்டில் ஒரு சித்திரையும் ஓர் ஐப்பசியும் கட்டாயம் வர வேண்டும். தரகர்கள் நிலம் காட்டுவது பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில். அப்போது எந்த ஊரும் பச்சையாகத்தான் இருக்கும். கிணறு எங்கே நிற்கிறது என்பது மே மாதத்தில் தெரியும். பாதை எங்கே சேறாகிறது என்பது நவம்பரில் தெரியும்.

மூன்று இடங்களும் மூன்று விதம். திருவண்ணாமலைப் பக்கம் கணத்தம்பூண்டியில் மருதம் பண்ணைப் பள்ளி 2009 முதல் நடக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் சிறிய பள்ளி அது. சிறிய பள்ளி என்பதால் இடமும் குறைவு. பள்ளியில் இடம் உறுதியாகும் முன் அதை நம்பி நிலம் வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை ஒட்டிய நிலமெல்லாம் ஏற்கெனவே மனை விலைக்குப் போய்விட்டது. பௌர்ணமியில் அந்தப் பக்கம் வண்டி நகராது. 10, 15 கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருப்பது இதன் பெரிய பலம்.

சிட்டிலிங்கி, தர்மபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே தொடங்கிய பழங்குடி நல மருத்துவமனை, இயற்கை விவசாயிகள் சங்கம், துளிர் கல்வி மையம் எல்லாம் அந்த மக்களோடு பல ஆண்டுகள் இருந்ததால் உருவானவை. அது மலைவாழ் மக்களின் ஊர். அங்கே போவதென்றால் ஆசிரியராக, செவிலியராக, கணக்கெழுதுபவராக அவர்களுக்குப் பயன்படும் வேலையோடு போங்கள். நிலம் தேடிப் போக வேண்டாம். உங்கள் கணவரின் வேலைக்கு இணையம் முக்கியம். வாடகை வீடு பார்க்கும்போது இரவு 8 மணிக்கு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் காணொளி அழைப்பு பேசிப் பாருங்கள். வாசலில் சிக்னல் இருப்பது போதாது.

புதுச்சேரிக்கு அருகே பல நாட்டவரும் சேர்ந்து வாழும் நகரான ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்டது. உள்ளே நிலமோ வீடோ தனியார் பெயரில் வாங்க முடியாது. குடியாகச் சேர்வதற்குத் தனி நடைமுறை உண்டு. நீங்கள் சொல்வது குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற சுற்றுக் கிராமங்களை என்றால், வாடகையும் நில விலையும் உங்கள் கையிருப்புக்குக் கட்டாது. அந்தப் பகுதியில் தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் துண்டு துண்டாக மாறி மாறி வரும். எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பதிவு அலுவலகம், பள்ளி, ரேஷன் எல்லாம் வேறாகும்.

எங்கள் எண்ணம்: திருவண்ணாமலை மாவட்டத்தில், நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு வாடகை வீடு. 25 லட்சத்தில் இரண்டு ஆண்டுச் செலவை வங்கியில் தனியாக வைத்துவிடுங்கள். ஒட்டு மா காய்க்கவே 4 ஆண்டாகும். நிலத்திலிருந்து வருமானம் என்ற பேச்சு முதல் மூன்று ஆண்டுகளுக்கு வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. வாடகை பேசும் நாளிலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வரும். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால் ஊரில் நம்பிக்கை போய்விடும். வீடு பிடிக்கும் முன் நான்கு இடங்களைக் கவனியுங்கள்: டீக்கடை, குடிநீர்க் குழாய், பள்ளியின் சத்துணவுப் பந்தி, சுடுகாட்டுப் பாதை. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? அப்படியென்றால் உங்கள் பிள்ளைகள் அங்கே மூச்சுவிடலாம். திருவிழாவில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி உங்களிடம் கேட்கப்படாமலே போகலாம். அது அவமதிப்பா, விலக்கா, வெறும் வழக்கமா என்பது ஓராண்டு இருந்தால்தான் புரியும். நிலத்தைப் பின்னால் தள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாம்புக்கடிக்கு நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று முதல் வாரமே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும்.

கேள்வி: செங்கம் பக்கம் பார்த்த நிலத்தில் "வற்றாத கிணறு" என்கிறார்கள். எப்படி நம்புவது?
– வாசகர், வேலூர்

பதில்: நம்ப வேண்டியதில்லை, அளந்துவிடலாம். மே மாதத்தில், முந்தின நாள் யாரும் தண்ணீர் இறைக்காத ஒரு காலையில் போங்கள். 200 லிட்டர் பீப்பாய், கைபேசியில் நேரம் பார்க்கும் வசதி, முடிச்சு போட்ட கயிறு, இவை போதும். முதலில் கயிறை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு, பீப்பாய் நிறையும் நேரத்தைப் பாருங்கள். 2 நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். அப்படியே ஓட விட்டு, ஒரு மணி கழித்து மறுபடி பாருங்கள், இரண்டு மணி கழித்து இன்னொரு முறை. 2 நிமிடம் 4 நிமிடமானால் வரும் தண்ணீர் பாதியாகிவிட்டது. நிறுத்தியபின் பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் கிணற்றின் உண்மையான கணக்கு. காலையில் இறைத்தது மறுநாள் காலைக்குள் ஊறவில்லை என்றால், நீங்கள் பார்த்தது தேங்கிய தண்ணீர். கோடையில் 1 ஏக்கர் காய்கறிக்கு நாளொன்றுக்கு 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் லிட்டர் வேண்டும். அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு அடுத்தது தரம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கப் பாறை நிலங்களில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளூரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். உங்கள் பக்கமும் பாறை நிலம் என்பதால் சோதிக்காமல் விடக் கூடாது. ஃபுளூரைடுக்கு நிறமோ வாசனையோ சுவையோ கிடையாது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு இருந்தால் அதுவே அறிகுறி. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5க்கு மேல் குடிக்கவே கூடாது. காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். "இன்னும் 200 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும்" என்று சொல்வார்கள். ஃபுளூரைடு பாறையிலிருந்தே கரைந்து வருவதால், ஆழம் போகப் போக அது கூடவும் செய்யலாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துத் தருவார்கள். மோட்டாரை 10 நிமிடம் ஓட விட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடித்து அன்றே கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் தூய்மையான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஃபுளூரைடு, நைட்ரேட், மொத்தக் கரைதிடம் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, TDS) மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஃபுளூரைடு கூடுதலாக இருந்தாலும் மற்றதெல்லாம் பிடித்திருந்தால், மழைநீர் ஒரு வழி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால், 4 பேருக்கு 180 நாளுக்கு 7,200 லிட்டர். 500 சதுர அடிக் கூரையில் 250 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 9,000 லிட்டர் சேரும். 10,000 லிட்டர் மூடிய தொட்டி, வாயில் வலை, முதல் மழையை வெளியே விட ஒரு திருகுக் குழாய். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து 3 ஏக்கர் வாங்கி, பொதுச் சமையலறையோடு வாழ ஆசைப்படுகிறோம். இப்போதைக்கு ஒருவர் பெயரில் பதிந்துகொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. அந்த ஒருவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை அவர் இறந்தால் வாரிசுகள் வருவார்கள், அவருக்குக் கடன் வந்தால் நிலத்தின் மேல் ஜப்தி வரும். உங்களுக்கு முக்கியமான வழி இரண்டு. ஒன்று, ஆளுக்கொரு பத்திரம், உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா. இதில் விவசாய நிலத்தைச் சிறு மனைகளாகக் கூறு போட்டால், அனுமதியில்லாத மனைப்பிரிவு என்று பதிவே நின்றுவிடும். வீட்டு இடத்துக்கு ஊராட்சியிடம் தனி அனுமதி வேண்டும். இன்னொன்று, சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்து அதன் பெயரில் வாங்குவது. சங்கமென்றால் குறைந்தது 7 பேர் வேண்டும். அப்போது யாரும் தன் பங்கை விற்க முடியாது, வீட்டுக் கடனும் எளிதில் கிடைக்காது. எந்த வழியானாலும், விலகுகிறவருக்கு எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்குள் பணம் திரும்பும் என்பதை வாங்கும் முன்பே எழுதி ஐவரும் கையெழுத்துப் போடுங்கள். சேர்ந்து வாழும் முயற்சிகள் உடைவது பெரும்பாலும் சமையலறைச் சண்டையால் அல்ல, இந்த ஒரு தாள் இல்லாததால்.

பத்திரத்தில் பலர் தவறவிடுவது மூன்று. பாதை: புல வரைபடத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா? "பக்கத்துக்காரர் விடுவார்" என்பது அவர் உயிரோடும் சுமுகத்தோடும் இருக்கும் வரை. கிணறு: "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு" என்று இருந்தால், தண்ணீர் முறை எந்த நாள், மோட்டார் யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில் என்று கேளுங்கள். விவசாய இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுத்தால் அபராதம் வரும். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கியாக வேண்டும். மூன்றாவது, நிலத்தின் வரலாறு. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அ-பதிவேடு (கிராம நிலங்களின் அரசுப் பதிவேடு) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கோயில் நிலம், நிலமற்றோருக்கெனத் தானமாகத் தரப்பட்ட பூதான நிலம், அரசு நிபந்தனையோடு கொடுத்த நிபந்தனைப் பட்டா இவை வேண்டாம். பஞ்சமி நிலம் வேண்டவே வேண்டாம். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட நிலம் அது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. சமத்துவமாக வாழப் போகிறவர்கள் அதன் மேல் வீடு கட்டுவது எந்த வகையிலும் சரியில்லை.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேருங்கள். 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம்.

கேள்வி: நீலகிரி மாவட்டக் கூடலூரில் 1 ஏக்கர் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற பெருநிலவுடைமை) நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய, உரிமை தீராத நிலமாக இருந்தால் விலை குறைவாகத்தான் இருக்கும். அதற்குப் பட்டா கிடைக்காது, மின் இணைப்புக்கும் வீட்டு அனுமதிக்கும் அலைய வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிராமத்துக்குப் போனதும் மகனை (11 வயது) பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறோம். பிறகு கல்லூரிக்குச் சிக்கல் வருமா?
– வாசகர், மதுரை

பதில்: தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிரம்பியதும் 10ஆம் வகுப்புக்குப் பதிந்து, தேர்வு எழுதலாம். மொழி உட்பட 5 பாடம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். 10க்கும் 12க்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி வேண்டும். ஆகவே 14இல் தொடங்கினால் கல்லூரி வயது தவறாது.

ஆனால் இழப்பது என்ன என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத அரசு வேலை முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை அரசு அல்லது உதவிபெறும் பள்ளிப் படிப்பு தேவை. உங்கள் மகன் 6ஆம் வகுப்பு வாசலில் நிற்கிறான். இப்போது எடுக்கும் முடிவு இந்த மூன்றையும் தொடும்.

ஆகவே, ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாலையும் விடுமுறையும் உங்கள் விருப்பப்படி கற்பிப்பது பல குடும்பங்களுக்கு ஒத்துவரும். 8ஆம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் இடம் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தில் சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விடவும் 1973, 2000 ஆண்டுகளின் அரசாணைகள் இடம் தருகின்றன. அந்த ஆணைகளின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள், தலைமையாசிரியர் கேட்டால் காட்டலாம். சாதிச் சான்று இல்லாவிட்டால் பின்னாளில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்பதைப் பையனுக்கும் விளக்கிச் சொல்லி, அவனையும் கேட்டு முடிவெடுங்கள்.