மசோதா நிறைவேறிவிட்டதாம், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் நர்சரி பிரைமரி பள்ளி நடத்துகிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 140 பிள்ளைகள். வரும் மே 31-உடன் அங்கீகாரம் முடிகிறது. ‘சட்டசபையில் மசோதா பாஸ் ஆயிட்டு, இனிமே நாலு சான்று தனித்தனியா வாங்க வேண்டாம், ஒரே உரிமம்தான்’ என்று தாளாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆபீஸில் கேட்டால், ‘புதுச் சட்டம் வருதுன்னு சொல்லுதாவ, கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி’ என்கிறார்கள். நடுவில் ஒருவர் வந்து, புதுச் சட்டத்தின்படியே முடித்துத் தருகிறேன், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். என் மனைவி அதே ஊரில் சின்னதாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறாள். அவளிடமும் இதே பேச்சுதான். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இன்று நடப்பில் இருக்கும் சட்டப்படி இன்றே விண்ணப்பியுங்கள்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் மசோதாவின் எண் இல்லை, ஆண்டு இல்லை, துறை இல்லை. இந்த மூன்றும் இல்லாத செய்தியை வைத்து ஒரு பள்ளியின் கதவைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. மசோதாவுக்குச் சட்டமன்றத்தின் சொல் ‘சட்டமுன்வடிவு’. அதாவது முன்வடிவு, சட்டம் அல்ல. தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு மேலவை கிடையாது என்பதால் பேரவையில் ஒரு முறை நிறைவேறினாலே முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு மேல் இன்னும் மூன்று வாசல் உண்டு.

முதல் வாசல் ஒப்புதல். அரசமைப்புச் சட்டத்தின் 200-வது பிரிவின்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். உங்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல்: கல்வி 1976-ல் பொதுப்பட்டியலுக்கு, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பட்டியலுக்கு, போய்விட்டது. மாநிலம் கொண்டுவரும் பள்ளிச் சட்டம் மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டத்தோடு மோதினால், 254(2)-ன்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது நிற்காது. நீட் விலக்கு மசோதாவை நினைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பர் 13-ல் நிறைவேறியது, திரும்பி வந்தது, 2022 பிப்ரவரி 8-ல் மறுபடி நிறைவேறியது, டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில்தான் பேரவையில் அறிவித்தார்கள். மூன்றரை வருடம் ‘மசோதா பாஸ்’ என்றே பேசிக்கொண்டிருந்தோம். அத்தனை வருடமும் பிள்ளைகள் நீட் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

‘ஆளுநர் ஒப்புதல் தரும் கெடு தாண்டினால் தானாகவே சட்டம் ஆகிவிடும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று அந்தக் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2025 ஏப்ரல் 8-ல் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக, ஐந்து நீதிபதிகள் அமர்வு நீதிமன்றம் இப்படிக் காலக்கெடு விதிக்கவோ, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ முடியாது என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது வாசல் அரசிதழ். இங்கேதான் நீங்களே கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம். தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதியில் இரண்டு பிரிவுகள் உண்டு. 1-ஆம் பிரிவில் வருவது சட்டமுன்வடிவு, 2-ஆம் பிரிவில் வருவது சட்டம். குழுவில் யாராவது பி.டி.எஃப் போட்டால் முதல் பக்கத்தின் மேல்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பேரவைச் சட்டமுன்வடிவு எண்’ என்று இருந்தால் அது இன்னும் முன்வடிவுதான், அரசு முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. கடைசிப் பக்கத்தில் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மசோதாவோடு வருவது. சட்டமாகிவிட்டால் ‘தமிழ்நாடு சட்டம் எண் இத்தனை’ என்று ஆண்டோடு இருக்கும், எந்தத் தேதியில் யார் ஒப்புதல் தந்தார் என்ற வரியும் இருக்கும். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் அரசிதழ் காசில்லாமல் கிடைக்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்குப் பேரவை தேவையில்லை, உடனே செல்லும். பேரவை மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

மூன்றாவது வாசலில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். சட்டத்தின் முதல் பிரிவிலேயே, தலைப்புக்கு அடுத்த உட்பிரிவுகளில், ‘மாநில அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியன்று நடைமுறைக்கு வரும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த அறிவிக்கை வரும்வரை, ஒப்புதல் கிடைத்து அரசிதழில் அச்சான சட்டம்கூட அலமாரியில்தான் இருக்கும். அறிவிக்கை வந்தாலும், எந்தப் படிவம், என்ன கட்டணம், யார் அதிகாரி என்று சொல்லும் விதிகள் வராமல் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தையும் வாங்க மாட்டார்கள். உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது: தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (முறைப்படுத்துதல்) சட்டம். அதன் பெயரில் உள்ள ஆண்டு 2018. சட்ட எண் 2019-ஆம் ஆண்டின் 35. விதிகள் வந்து நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். 2018-ல் ‘புதுச் சட்டம் வருது’ என்று புதுப்பிக்காமல் உட்கார்ந்திருந்த பள்ளி என்ன ஆகியிருக்கும்?

உங்கள் மனைவியின் துறை இதைவிட மெதுவானது. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் மாநிலச் சட்டம் 1997-ல் வந்தது, அதற்கான விதிகள் 2018-ல். இருபத்தொரு வருடம். எதிர்ப்பக்கத்துக்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டினார்களே, அதற்குப் பிறகு மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்க்கும் திருத்த மசோதா 2025 ஏப்ரலில் நிறைவேறி, ஜூலையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆக ஒரு மசோதா மூன்று மாதத்தில் சட்டமாகலாம், ஐந்து வருடம் ஆகலாம், ஆகாமலே போகலாம். இந்த மூன்றில் எது என்று ஆபீஸில் உங்களைப் பொறுக்கச் சொன்னவருக்கும் தெரியாது.

இனி வேலைக்கு வருவோம். மே 31-க்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் நான்கு சான்றும் ஒன்றுக்கொன்று சங்கிலி போட்டவை. முதலில் கட்டட உறுதிச் சான்று. தாசில்தார் கட்டட உரிமத்துக்கு இதைத்தான் முதலில் கேட்பார். பொறியாளர் வராமலே கையெழுத்துப் போட்ட சான்று வேண்டவே வேண்டாம். அவர் நேரில் வந்து வகுப்பறை மட்டுமல்ல, கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், மேல்நிலைத் தொட்டி தாங்கும் தூண் எல்லாவற்றையும் பார்த்துச் சான்றில் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 2021 டிசம்பர் 17-ல் நெல்லை டவுனில் ஒரு பள்ளியில் இடிந்து மூன்று மாணவர்களின் உயிரைக் குடித்தது வகுப்பறைச் சுவர் அல்ல, கழிப்பறைச் சுவர்தான்.

அடுத்து தீயணைப்புத் துறையின் சான்றுக்கும் சுகாதாரச் சான்றுக்கும் ஒரே நேரத்தில் மனுக் கொடுங்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளி வளாகத்தில் ஓலைக் கூரை எங்கே இருந்தாலும் சிக்கல்தான். சமையல் கொட்டகையாக இருந்தாலும், சைக்கிள் நிறுத்தும் இடமாக இருந்தாலும் பிரித்துவிட்டுக் கூப்பிடுங்கள். தீயணைப்பான் சிலிண்டரில் மறுநிரப்பல் தேதி ஒட்டியிருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் பார்ப்பது ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, அதில் ஓடும் தண்ணீர், குடிநீர்த் தொட்டியின் மூடி. ஆற்றுத் தண்ணீரே குழாயில் வந்தாலும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். இவை எல்லாம் சேர்ந்த பிறகு தாசில்தாரிடம் பொதுக் கட்டட உரிமம். 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் (உரிமம்) சட்டப்படி தருவது இது. இதைத்தான் ‘டி படிவம்’ என்கிறோம்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் சட்டச் சிக்கலால் அல்ல, எழுத்துச் சிக்கலால். பட்டாவில் ஒரு சர்வே உட்பிரிவு, உரிமத்தில் வேறு உட்பிரிவு. ஒரு சான்று அறக்கட்டளை பெயரில், இன்னொன்று பள்ளி பெயரில், மூன்றாவது காலமான பழைய தாளாளர் பெயரில். உரிமம் தரைத்தளத்துக்கு மட்டும் இருக்கும், ஐந்தாம் வகுப்போ மாடியில் நடக்கும். நான்கு சான்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பெயர், சர்வே எண், தளம், முடிவு தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் நான்கு தேதியில் முடியும். விண்ணப்பம் மேசையில் கிடக்கும்போதே தீயணைப்புச் சான்று காலாவதியாகி, கோப்பு முதலில் இருந்து தொடங்குவது அடிக்கடி நடப்பது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய வரைபடம் மட்டுமே இருந்து நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லை என்றால், அதை மறைக்காமல் இப்போதே வரைமுறைப்படுத்தும் மனுவைப் போடுங்கள். அது தனி வழக்கு, தனியாக எழுதுங்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையையும் எண்ணிக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 121 முதல் 200 பிள்ளைகளுக்கு ஐந்து ஆசிரியர். 150-ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் தனி. உங்கள் 140-க்கு ஐந்து பேர். எல்.கே.ஜி. மிஸ்ஸை இதில் சேர்த்துக் கணக்குக் காட்டாதீர்கள், ஆய்வில் முதலில் பிடிபடுவது அதுதான்.

மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) விண்ணப்பத்தை இணையவழியில் ஏற்றினாலும் ஒப்புகை எண்ணை அச்செடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ‘பொறுங்க’ என்று வாயால் சொன்னதற்கு நாளை யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. ‘மே மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்தேன், தாமதம் என்னால் அல்ல’ என்று காட்டுவதற்கு அந்த முத்திரைதான் உங்கள் கவசம்.

முத்திரை வாங்கியும் கோப்பு நகரவில்லை என்றால், விண்ணப்ப விவரத்தைச் சொல்லி முடிவெடுக்கக் கோரி ஒரு மனுவை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட். இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து உத்தரவு போடு என்று நீதிமன்றம் சொல்லும். அங்கீகாரத்தையே கொடு என்று சாதாரணமாகச் சொல்லாது, அதனால்தான் சான்றுகள் சுத்தமாக இருக்க வேண்டும். மசோதாவை எதிர்த்தோ ஆதரித்தோ ரிட் போட நினைக்காதீர்கள். சட்டமாகாத ஒன்றை நீதிமன்றம் கையில் எடுக்காது.

பழைய சட்டப்படி புதுப்பித்த பிறகு புதுச் சட்டம் வந்தால் பணமும் உழைப்பும் வீணா என்று பயப்பட வேண்டாம். பழைய சட்டத்தை நீக்கும்போது அதன்படி தந்த உரிமங்களைக் காப்பாற்றும் பிரிவு பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அது இல்லாவிட்டாலும், வேறு நோக்கம் தெரியாதவரை, 1891-ஆம் ஆண்டின் பொது விளக்கச் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) கைகொடுக்கும். புதுச் சட்டம் காப்பாற்றுவது ஏற்கெனவே கையில் இருக்கும் அங்கீகாரத்தை. இல்லாத அங்கீகாரத்தை அது எங்கிருந்து காப்பாற்றும்?

அந்த மசோதா உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய, பள்ளிக் கல்வித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தலைமைச் செயலகம், சென்னை-9 என்று எழுதி, பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்பலாம். ‘புதுச் சட்டம் எப்போது வரும்?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தனியார் பள்ளி அங்கீகாரம் தொடர்பாக இந்த ஆண்டு நிறைவேறிய சட்டமுன்வடிவுகளின் எண், அவை அரசிதழில் சட்டமாக வெளிவந்திருந்தால் அந்தத் தேதி, நடைமுறைக்கு வரும் தேதியைக் குறித்த அறிவிக்கையின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

உங்கள் மனைவியின் லேபுக்கு அதிகாரி வேறு: மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். சின்ன லேப் என்று விலக்கு கிடையாது. ஊசியும் ரத்தக் குழாயும் மருத்துவக் கழிவு என்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும், பொதுக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். கழிவை எடுத்துப் போகிற வண்டி வரும் ஒவ்வொரு முறையும் எடையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன திருத்தத்துக்குப் பிறகு, ‘யாரோ எடுத்துப் போனார்கள்’ என்ற பதில் செல்லாது.

அந்த 40,000 ரூபாய்க்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சட்ட எண் என்ன? சொல்ல முடியாது. பணம் அதிகாரிக்குப் போகிறது என்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்திருந்தால், கொடுத்த நாளில் இருந்து ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுத்தால்தான் தப்பிக்க வழி உண்டு. முன்பணம் ஏதாவது கைமாறியிருந்தால் அந்தத் தேதியை இன்றே எண்ணிப் பாருங்கள்.