பேய்க்கு எதற்கு ஃபிளாஷ்பேக்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேய்ப்படங்களைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

கேள்வி: தமிழில் பேய்ப்படங்கள் வரிசையாக வருகின்றன, வசூலும் செய்கின்றன. ஆனால் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது துளியும் பயம் இருப்பதில்லையே, ஏன்? (திருச்சி வாசகர்)

நம் பேய்கள் இடைவேளை வரைதான் பேய்கள். அதன் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக் வந்துவிடுகிறது. நிலத்தை அபகரித்தவன், காதலனைக் கொன்றவன் என்று ஒரு வில்லன் கிடைத்துவிடுகிறான். அந்த நிமிடம் முதல் பேய் நம் கட்சிக்கு வந்துவிடுகிறது. 2011இல் வெளியான ‘காஞ்சனா’வில், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் கதையைக் கேட்ட பிறகு, அவர் யாரையாவது அடிக்க மாட்டாரா என்று காத்திருந்தோமே தவிர, அவரைக் கண்டு நடுங்கவில்லை. நல்ல கதைதான், ஆனால் அதைப் பழிவாங்கும் படம் என்று சொல்வதே பொருத்தம்.

அநியாயமாகச் செத்தவர் ஆவியாகத் திரும்புவது நம் மரபுதானே என்று கேட்கலாம். மரபுதான், ஆனால் மரபு அதைச் சொன்ன வரிசை வேறு. பழையனூர் நீலியின் கதையை நினைத்துப் பாருங்கள். கணவன் அவளைக் கொன்றதைக் கேட்பவர் முன்பே அறிவர். அதன் பிறகுதான் அவள் கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, அழுதபடி ஊர்ச் சபைக்கு முன் வந்து நிற்கிறாள். அவள் யார் என்பது நமக்குத் தெரியும், அந்த எழுபது வேளாளர்களுக்குத் தெரியாது. அவர்கள் அவளை நம்பி, அவளோடு தங்க அஞ்சும் அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தங்கள் உயிரையே தருவதாக வாக்குக் கொடுக்கும் இடத்தில்தான் வயிற்றைப் பிசைகிறது. நியாயத்தை முதலிலும் பயத்தைப் பின்னாலும் வைத்த கதை அது. நம் இயக்குநர்கள் பயத்தை முதல் பாதியில் செலவழித்துவிட்டு, நியாயத்தைக் கொண்டு படத்தை முடிக்கிறார்கள்.

2024இல் வந்த ‘அரண்மனை 4’ கையில் எடுத்த சரக்கு உண்மையில் புதியது. அசாமிய நாட்டார் கதைகளில் வரும் ‘பாக்’ என்னும் உருமாறும் நீர்ப்பேய், எதிரில் நிற்பவர் மனிதரா இல்லையா என்ற ஐயத்திலேயே ஒரு முழுப் படத்தை ஓட்டக்கூடியது. ஆனால் அதற்கு எதிராக ஒரு தாயின் நல்ல ஆவி, நடுநடுவே நகைச்சுவை, முடிவில் அம்மன் பாட்டு என்று கூட்டம் சேர்ந்துவிட்டதால், அசாமிலிருந்து வந்த விருந்தாளிக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை.

கேள்வி: ‘பிரமயுகம்’ என்ற மலையாளப் படத்தை எல்லோரும் மெச்சுகிறார்களே, கறுப்பு வெள்ளையில் எடுத்தது வெறும் அலங்காரம்தானே? (நாகர்கோவில் வாசகி)

அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. மழை, பாழடைந்த மனை, எண்ணெய் விளக்கு ஆகியவற்றை விட்டால் படத்தில் வேறு பொருள் அதிகம் இல்லை. வண்ணம் இருந்திருந்தால் மலபாரின் பச்சை கண்ணைக் குளிர்வித்துக் காரியத்தைக் கெடுத்திருக்கும். எனினும் எனக்கு அந்தப் படத்தின் பலம் ஒளிப்பதிவு அல்ல. பசியோடு ஓடிவந்த பாணன் ஒருவனுக்குச் சோறு கிடைக்கிறது, தங்க இடம் கிடைக்கிறது. பிறகு அந்த மனையின் தலைவரான கொடுமண் போற்றி அவனைப் பகடையாட அழைக்கிறார். பணயம் வைக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்கிறான் அவன். உன் காலம் இருக்கிறதே என்கிறார் அவர். தோற்றவன் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான் விதி. போற்றியாக நடித்த மம்மூட்டி அந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. சிரித்துக்கொண்டு காய் உருட்டுகிறார். சோறு போட்டவனே வாசலை அடைக்கும்போது எழும் அச்சத்துக்குப் பேய் வேடம் தேவைப்படவில்லை. வைத்த விதியைக் கடைசிக் காட்சி வரை மீறாமல் காப்பாற்றிய காரணத்தால் இயக்குநர் ராகுல் சதாசிவனை இந்தத் தலைமுறைப் பேய்ப்பட இயக்குநர்களில் முதலிடத்தில் வைப்பேன்.

ஒப்பிட, ஆழ்வார்பேட்டையிலுள்ள இடத்தின் பெயரைக் கொண்ட ‘டிமான்ட்டி காலனி’யைச் சொல்லலாம். 2015இல் வந்த முதல் பாகம் நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்துப்போட்டுப் பயமுறுத்தியது. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் இரட்டைச் சகோதரர்களும் புத்தத் துறவிகளும் வந்து சேர்ந்தனர். விதிகள் பெருகப் பெருக, அவற்றை நினைவில் வைத்துக்கொள்வதே வேலையாகிப் பயப்பட நேரமில்லாமல் போயிற்று.

கேள்வி: ‘உண்மைச் சம்பவம்’ என்று தொடக்கத்திலேயே போட்டுவிட்டுப் படத்தைத் தொடங்குகிறார்களே, அவற்றில் எவ்வளவு உண்மை? (பாளையங்கோட்டை வாசகர்)

ஊரும் ஆட்களும் பெரும்பாலும் உண்மை. நடந்தது என்ன என்பதுதான் வழக்கு. ‘கான்ஜூரிங்’ என்ற ஹாலிவுட் பேய்ப்படங்களின் நாயகர்களான, பேய் ஆராய்ச்சி செய்த எட் வாரன், லொரெய்ன் வாரன் தம்பதி உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஈடுபட்ட புகழ்பெற்ற விவகாரங்களில் ஒன்று நியூயார்க் மாநிலத்து அமிட்டிவில் வீடு. 1974இல் அங்கே ஒருவன் தன் பெற்றோரையும் உடன்பிறந்தோரையுமாக ஆறு பேரைச் சுட்டுக் கொன்றது நீதிமன்றம் தீர்த்த உண்மை. அடுத்த ஆண்டு அதில் குடியேறிய குடும்பம் 28 நாளில் வெளியேறியதும் உண்மை. இடையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அமானுஷ்யங்களைப் பற்றிக் கொலையாளியின் வழக்கறிஞரே 1979இல், பல புட்டி ஒயினைக் காலி செய்தபடி அந்தக் குடும்பத்துடன் சேர்ந்து தாம் புனைந்த கதை என்று கூறிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டை வைத்துப் படங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. படம் பயமுறுத்தினால் அந்த வாசகம் தேவையில்லை, பயமுறுத்தாவிட்டால் அந்த வாசகம் காப்பாற்றாது என்பது என் எண்ணம்.

கேள்வி: யூடியூபில் பாழடைந்த பங்களாக்களுக்குக் கருவியோடு போய்ப் பேயைத் ‘கண்டுபிடிக்கும்’ இளைஞர்களை நம்பலாமா? (சேலம் வாசகர்)

அவர்கள் கையில் மினுக்குவது மின்காந்தப் புலத்தை அளக்கும் மீட்டர். சுவருக்குள் ஓடும் வயருக்கும், அருகிலுள்ளவர் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசிக்கும்கூட அதன் விளக்குகள் எரியும். படம்பிடிக்கும் பத்துப் பேரின் பையிலும் செல்பேசி இருக்கும்போது பேய்க்கு அங்கே தனி வேலை இல்லை. இருட்டில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியின் மீது கேமரா விளக்கு பட்டுத் திரும்புவதால் தெரிபவை. பாழடைந்த பங்களாவில் தூசிக்கா பஞ்சம்?

பிரிட்டனில் ‘மோஸ்ட் ஹான்டட்’ என்ற தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் புகார் எழுந்தபோது, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2005இல் சுவையான முடிவு ஒன்றைச் சொன்னது: இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியே தவிர முறையான ஆய்வு அல்ல, ஆகவே விதி மீறப்படவில்லை. நம் இளைஞர்களையும் அதே கணக்கில் பாருங்கள். ஆனால் இரவில் பாழ்வீட்டுக்குள் நுழைவதில் பாம்பு, இடிந்த மாடிப்படி, அத்துமீறல் வழக்கு ஆகிய மூன்றும் மெய்யான ஆபத்துகள்.

கேள்வி: ஓடிடியில் பேய்ப்படம் பார்க்கையில் வசனம் கேட்பதில்லை, ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் அலறல் காதைப் பிளக்கிறது. என்ன செய்வது? (கோவை வாசகி)

அந்த ஏற்ற இறக்கம் திரையரங்குக்காகத் திட்டமிட்டு வைப்பது. கிசுகிசுப்பில் காதைக் கூர்மையாக்கி, மறுநொடி அதன்மேல் ஓசையைப் போட்டால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். அது உடலின் அனிச்சைச் செயல், கைக்குழந்தைக்கும் உண்டு. நள்ளிரவில் சமையலறையில் தட்டு விழுந்தாலும் இதே விளைவுதான். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாயகி கதவை நெருங்கும்போதே ஒலியைக் குறைத்துவிடும் இல்லத்தரசிகள் இன்று ஏராளம். அப்படிக் குறைத்த பிறகும் ஒரு காட்சி பயமுறுத்துகிறதா என்று பாருங்கள். ‘பிரமயுகம்’ இயக்குநர் ராகுல் சதாசிவன் 2022இல் ஓடிடியில் தந்த ‘பூதகாலம்’ அந்தச் சோதனையில் தேறும். மனச்சோர்வில் வாடும் தாயும், வேலை கிடைக்காத மகனும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்ப மறுப்பதே அதில் பேயை வளர்க்கிறது. உங்கள் சிக்கலுக்கு, பல தொலைக்காட்சிகளின் ஒலி அமைப்பில் இரவு நேரத் தெரிவு ஒன்று இருக்கும். அதைப் போட்டால் அலறல் அடங்கும்.

கேள்வி: ஒன்பது வயதுப் பேரனோடு பார்க்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

இப்போது சான்றிதழிலேயே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். 13+ என்று இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். படம் முடிந்த பிறகு விளக்கை அணைக்கப் போகிறவர் நீங்கள்தானே!

கேள்வி: அண்மைப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால்? (பல வாசகர்கள்)

2024இல் வந்த தென்கொரியப் படமான ‘எக்ஸூமா’. அந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. ஒரு பணக்காரக் குடும்பத்தின் குழந்தையைப் படுத்தும் மூதாதையின் கல்லறையைத் தோண்ட, சாமியாடும் இளம்பெண்ணும் மனையடி சாஸ்திரம் தெரிந்த முதியவரும் போகிறார்கள். சவப்பெட்டியை எடுத்து, காரணத்தையும் கண்டுபிடித்து, கணக்கைத் தீர்த்தாயிற்று என்று நாம் சாய்ந்து உட்காரும்போது பாதிப் படம்தான் முடிந்திருக்கிறது. தோண்டிய குழிக்கு அடியில் இன்னொரு பெட்டி, செங்குத்தாக நிறுத்திப் புதைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.